டிராயரில் கிடந்த பேட்ஜ்

அந்தப் பேட்ஜ் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. பிளாஸ்டிக், பின்னால் ஒரு கிளிப். ஆபரேஷன் தியேட்டரில் எக்ஸ்ரே மெஷினோடு நிற்பவர்கள் அதை, கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனுக்கு வெளியே, கழுத்துப் பக்கம் குத்திக்கொள்ள வேண்டும். அவர்கள் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அது தனக்குள் சேர்த்து வைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாருடைய பேட்ஜையும் ஒரு லேபுக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து ஆளுக்கு ஓர் எண் வரும்.

இதெல்லாம் கீழ்வீட்டு அக்கா சொல்லித் தெரிந்தது. சரியாகப் புரிந்துகொண்டேனா என்று அவரிடமே திரும்பக் கேட்டுச் சரிபார்த்திருக்கிறேன். ஆனாலும் பிசகியிருக்கலாம்.

நான் மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தேன். கீழே மூன்று பேர். அக்கா எக்ஸ்ரே டெக்னீஷியன். அவருடைய வீட்டுக்காரர் சொந்தமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். நான் அவரை அண்ணன் என்பேன். மூன்றாவது, அண்ணனின் அப்பா. பஸ்ஸில் ஏறி டிக்கெட் இருக்கிறதா என்று பரிசோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனதே தவிர பழக்கம் போகவில்லை. பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பார். குழாய் சொட்டுகிறதா என்று பார்ப்பார். மாடிப்படி விளக்கை நான் அணைத்தேனா என்று ஏறி வந்து பார்ப்பார். தெருவில் அவருக்குப் பெயர் 'செக்கிங்'. அந்தப் பெயரைக் கேட்டால் அவர் கோபப்படுவதில்லை. கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார்.

அக்காவும் நானும் வெளிநாட்டு வேலைக்காக ஒரே மாலை வகுப்பில் அந்த நாட்டு மொழியைப் படித்தோம். டயர் கடைக்கு மேலே வகுப்பு. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் புழுக்கம். எனக்கு அங்கே வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவருக்கு ஆபரேஷன் தியேட்டர் வேலை. அங்கே உள்ளவர்கள் கூப்பிட்டு, விசாவுக்குப் பொறுப்பேற்றால்தான் இருவருக்கும் வண்டி நகரும்.

அக்கா தான் வேலை பார்க்கும் எலும்பு சிகிச்சை சென்டரில் இருந்து நேராக வகுப்புக்கு வருவார். தோளிரண்டிலும் ஏப்ரன் அழுத்திய தடம் சட்டைக்கு மேலேயே தெரியும். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, "இறங்க மாட்டேன்னு அடம் பிடிக்கற பிள்ளையக் காலையில இருந்து தூக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கு தம்பி" என்பார். அவர் வேலை, சி-ஆர்ம் என்ற வளைந்த மெஷினோடு. டாக்டர் உடைந்த எலும்பில் கம்பி ஏற்றுவார். கம்பி நேராகப் போகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். டாக்டர் 'ஷூட்' என்றால் அக்கா அழுத்துவார், திரையில் எலும்பு தெரியும். ஒரு ஆபரேஷனுக்குள் எத்தனை 'ஷூட்' என்று யாரும் எண்ணுவதில்லை. எண்ண வேண்டியது அந்தப் பேட்ஜ்தான்.

என் விசாவுக்கான மெடிக்கலுக்கு மார்பு எக்ஸ்ரே தேவைப்பட்டபோது அக்காவிடமே போனேன். சின்ன சென்டர். முன்னால் வரவேற்பு மேஜை, அதை ஒட்டி எக்ஸ்ரே அறை, பின்னால் தியேட்டர். அக்கா என்னைப் பலகை முன் நிறுத்தி, தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, தாடையைத் தூக்கி வைத்தார். வீட்டில் 'தம்பி, டீ குடிக்கறியா' என்று கேட்கும் கை அல்ல அது. பிறகு ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போனார்.

"மூச்ச நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க."

ஒரு க்ளிக்.

"விடலாம்."

அந்த 'விடலாம்' க்ளிக்குக்குப் பின்னாலேயே வந்தது. வீட்டிலும் அந்த வார்த்தைதான். குக்கர் விசில் வந்தால் அண்ணன் அடுப்படியை எட்டிப் பார்த்து, "விடலாமா?" என்பார். அக்கா முறைப்பார். பெரியவர் நாற்காலியில் இருந்து, "ஆவிய விடறதுக்கு டெக்னீஷியன் சைன் வேணும்டா" என்பார்.

ரிப்போர்ட் கவர் எடுக்க அக்கா வரவேற்பு மேஜை டிராயரைத் திறந்தார். ஸ்டேப்ளர், பாதி பிஸ்கட் பாக்கெட், அவற்றோடு நான்கைந்து பேட்ஜ்கள் ரப்பர் பேண்ட் போட்டு.

"இது என்னக்கா?"

"எங்க மேல படறத எண்ணற சாமான்."

"அப்ப ஏன் டிராயர்ல கிடக்குது?"

"டிராயர் மேல எதுவும் படலயேன்னு பாத்துக்குது" என்று சிரித்தார்.

வீடு திரும்பும் வழியில் காரணத்தைச் சொன்னார். அவர் சேர்ந்த புதிதில் எல்லாரும் ஒழுங்காகக் குத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை அக்காவின் எண் கொஞ்சம் கூடுதலாக வந்துவிட்டது. கதிர் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ஆட்கள் வந்து மெஷினைப் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள், சரிசெய்யும் வரை தியேட்டரை மூடி வைத்தார்கள். டாக்டர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"நம்மளால ஆஸ்பத்திரியே நின்னு போச்சேன்னு எனக்கு ஒரே இதுவா இருந்துச்சு. நான்தான் சொன்னேன், டாக்டர், இனிமே பேட்ஜ வெளிய வெச்சிட்டு உள்ள போயிடறோம்னு. அவரு சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. அடுத்த மாசம் என்னை சீனியர் ஆக்கிட்டாரு."

"பயமா இல்லையாக்கா?"

"எத நெனச்சு பயப்பட? ஏப்ரன் போட்டிருக்கேன்ல. பேட்ஜ் ஒண்ணும் காப்பாத்தாது. எண்ணத்தானே செய்யும்."

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும், உள்ளே போகும் முன் பேட்ஜைக் கழற்றி டிராயரில் போட வேண்டும் என்பதை அக்காவிடம்தான் கற்றுக்கொண்டார்கள். கடைசியாகச் சேர்ந்த பெண்ணை எல்லாரும் 'சுண்டு' என்றார்கள். முதல் நாளே அவளுக்கு ஏப்ரன் கட்டவும் டிராயர் திறக்கவும் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது.

அக்காவுக்கு அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் இருந்து சம்மதம் வந்த நாளில் மழை. அண்ணன் வேனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நனைந்துகொண்டு ஓடி வந்தார். பெரியவர் அந்தக் கடிதத்தைப் போனில் பெரிதாக்கி, மொழி தெரியாவிட்டாலும், முத்திரை இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று பார்த்தார். "டிக்கெட் சரியா இருக்கு. ரைட், போகலாம்" என்றார். அடுப்பில் பருப்பு தீய்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. தீய்ந்த பருப்பையே சோற்றில் பிசைந்து எனக்கும் போட்டார்கள்.

தியேட்டரில் ஆறு வருடம் நின்றவர் என்பதற்காகத்தான் அவரை எடுத்தார்கள். சாதாரண எக்ஸ்ரே எடுக்க அவர்களிடமே ஆள் இருந்தது. சி-ஆர்மோடு டாக்டர் பக்கத்தில் நிற்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

அண்ணன் அவசரப்பட்டார் என்று இப்போது சொல்வது எளிது. மனைவியோடு தானும் போகலாம் என்றதும் வேனை விற்றுவிட்டார். வாசலில் வேன் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. பெரியவர் அதைத் தினமும் விளக்குமாற்றால் தேய்த்தார், போகவில்லை.

அப்புறம் அந்த ஆஸ்பத்திரி இன்னொன்று கேட்டது. இத்தனை வருடத்தில் மேலே பட்ட கதிரின் கணக்கை லேபில் இருந்து வாங்கி அனுப்பச் சொன்னது.

அக்கா சந்தோஷமாக அனுப்பினார். வகுப்பில் என்னிடம் போனைக் காட்டினார். வரிசையாகப் பூஜ்யங்கள்.

"பாத்தியா தம்பி? ஒரு கறை இல்ல. இவ்வளவு சுத்தமா யாரு அனுப்பியிருப்பா?"

எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. சேர்ந்த புதிதில் வந்த அந்தக் கூடுதல் எண் அதில் இல்லையா என்று கேட்டேன். அது பழைய லேப், பழைய கணக்கு, அது வராததே நல்லது என்றார்.

சில நாட்களில் வீடியோவில் பேச வேண்டும் என்று தகவல் வந்தது. அக்கா என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எனக்கு மொழி அவரைவிடக் கொஞ்சம் பிடிபட்டிருந்தது என்று அவர் நம்பினார். நான் நம்பவில்லை, ஆனாலும் உட்கார்ந்தேன். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்தோம். அண்ணனும் பெரியவரும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

திரையில் ஒரு பெண். இனிமையானவர். அக்காவின் சட்டை நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். அப்புறம் கேட்டார். தியேட்டரில் எங்கே நிற்பீர்கள்?

"டாக்டருக்குப் பக்கத்தில்" என்று அக்காவே பதில் சொன்னார்.

மெஷினுக்கும் உங்களுக்கும் எவ்வளவு தூரம்?

அக்கா கையை நீட்டிக் காட்டினார்.

ஆறு வருடமாகவா?

ஆமாம்.

அந்தப் பெண் கீழே எதையோ பார்த்தார். அங்கே நிற்கும் ஒருவருக்குப் பூஜ்யம் வராது என்றார். ஒருமுறை வரலாம், ஒவ்வொரு முறையும் வராது. எங்கள் ஆட்களுக்கு வருவதில்லை. அப்படியானால் நீங்கள் அங்கே நிற்கவில்லை. அல்லது பேட்ஜ் உங்களோடு நிற்கவில்லை. இரண்டில் எது?

நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே புரிந்திருந்தது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். நிற்கவில்லை என்றால் அனுபவம் பொய். பேட்ஜ் போடவில்லை என்றால், பாதுகாப்பு விதியை மீறியவரை அவர்கள் எடுக்க முடியாது.

"நான் அங்கதான் இருந்தேன்னு சொல்லு தம்பி."

சொன்னேன்.

அந்தப் பெண் தலையாட்டினார். நம்பினாரா இல்லையா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. பேட்ஜ் எண் ஏன் அப்படி வந்தது என்று உங்கள் டாக்டர் எழுதித் தரட்டும். இல்லையென்றால் அடுத்த மூன்று மாதம் தியேட்டரில் பேட்ஜோடு வேலை செய்து, அதற்கு வரும் எண்ணை அனுப்புங்கள், அதுவரை இடத்தை வைத்திருக்கிறோம் என்றார். நியாயமாகத்தான் பேசினார். அதனால் அவர் மேல் கோபப்படவும் வழியில்லாமல் போனது.

அன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. அக்கா முட்டை உரித்துக்கொண்டே இருந்தார். யாரும் சாப்பிடவில்லை, அவர் உரிப்பதை நிறுத்தவும் இல்லை.

"அந்த மெஷினுக்குக் கீழ பேட்ஜ வெச்சு ரெண்டு அமுக்கு அமுக்கிட்டா ஆச்சு" என்றார் அண்ணன். "எண்ணு வந்துரும்ல?"

"வரும். ஆளு நின்ன மாதிரி வராது. பொருள வெச்சு சுட்ட மாதிரி வரும். பாக்கறவங்களுக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்? சும்மா சொல்றே."

"எனக்கே தெரியும். அவங்களுக்குத் தெரியாதா? நான் என்ன வாழக்கா பஜ்ஜியா போடறேன், ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிச் சுட?"

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேனையும் வித்துட்டேன். ஸ்கூல்ல எல்லாருகிட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன்."

"நானா விக்கச் சொன்னேன்?"

"நீ ரெண்டு பெட்டி வாங்கிட்டு வந்தே. அதுக்கு அர்த்தம் என்ன?"

பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

"பஸ்ல எத்தன பேரப் பாத்திருக்கேன். 'சார், எடுத்தேன் சார், காத்துல பறந்துருச்சு சார்.' பொய் சொல்றவன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கும். நெசமாவே எடுத்துத் தொலச்சவன் மூஞ்சி வேற மாதிரி இருக்கும். எனக்கு ரெண்டும் நல்லாத் தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்ணீங்க மாமா?" என்றார் அக்கா.

பெரியவர் ஒரு முட்டையை எடுத்து, அதில் ஒட்டியிருந்த ஓட்டுத் துண்டைக் கிள்ளிப் போட்டார்.

"ரெண்டு பேரையும் இறக்கி விட்டேன்."

மறுநாள் அக்கா டாக்டரிடம் கேட்டார். நடந்ததை வகுப்புப் படிக்கட்டில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார்.

"கத்துவாருன்னு பாத்தேன். கத்தவே இல்ல தம்பி. ஜூஸ் வாங்கிக் குடுத்தாரு. 'அம்மா, நான் என்னன்னு எழுதறது? என் சென்டர்ல யாரும் பேட்ஜ் போடறதில்லன்னு என் கையாலயே எழுதட்டா? அள்ளி டிராயர்ல போட்டது யாரு? நீதானே? நான் ஒரு நாளாவது சொன்னேனா?' அப்படிங்கறாரு. சொன்னாரான்னு யோசிச்சுப் பாத்தேன். அவரு சொல்லலதான்."

"வேற ஏதாவது எழுதித் தரலாமே."

"அதுக்கும் ஒண்ணு சொன்னாரு. 'பூஜ்யத்துக்குப் பொருந்தற மாதிரி வேணா தர்றேன். வெளிய எக்ஸ்ரே எடுத்தாங்க, டோக்கன் குடுத்தாங்கன்னு.' ஆறு வருஷம் அவரு பக்கத்துல நின்னேன். என் தோள் இருக்கு பாரு, அதுக்கு டோக்கன் குடுத்தேன்னு எழுதித் தர்றாராம்."

அதற்கடுத்த நாள் முதல் அக்கா பேட்ஜைக் கழுத்தில் குத்திக்கொண்டே வீட்டிலிருந்து கிளம்பினார். அப்படி வெளியில் கொண்டுபோகக் கூடாதாம்; ஆனால் டிராயரில் விட்டுவர அவருக்கு மனம் வரவில்லை. பெரியவர் வாசலில் காத்திருப்பார்.

"டிக்கெட்?"

அக்கா கழுத்தை நிமிர்த்திக் காட்டுவார்.

"ரைட், போகலாம்."

அண்ணன்கூடச் சிரித்துவிடுவார். அந்த முதல் வாரம் வீட்டில் பேச்சு திரும்பியிருந்தது. வாங்கிய பெட்டிகளைப் பரணில் போடாமல் கட்டிலுக்கடியிலேயே வைத்திருந்தார்கள்.

ஆனால் டாக்டர் அக்காவின் கழுத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம். வழக்கம்போல் சொல்லவில்லை. அன்றைய ஆபரேஷனுக்குச் சுண்டுவைக் கூப்பிட்டார். அடுத்ததற்கும் சுண்டுதான். அக்காவை வெளி எக்ஸ்ரேயில், ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைத்தார். கூட்டம் இல்லாத நேரத்தில் வரவேற்பு மேஜை.

"நான் உள்ள போறேன் டாக்டர்னு கேட்டேன். 'உனக்குத் தோள் வலின்னியேம்மா, ரெஸ்ட் எடு'ங்கறாரு."

அந்த மூன்று மாதமும் அக்கா பேட்ஜை ஒருநாளும் கழற்றவில்லை. வேறு சென்டர்களில் கேட்டுப் பார்த்தார். எங்கேயும் டாக்டர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். "சீனியர் ஆச்சே, எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்று மரியாதையாக அனுப்பினார்கள். அண்ணன் சும்மா இருக்க முடியாமல், தன்னிடம் வேனை வாங்கியவரிடமே டிரைவராகச் சேர்ந்தார். வேன் மறுபடியும் தெருவுக்கு வந்தது, பெயிண்ட் மாறி. பெரியவர் அதைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

லேபில் இருந்து எண் வந்த அன்று நான் வாடகை விஷயமாகக் கீழே இருந்தேன். அக்கா போனைப் பார்த்துவிட்டு மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"என்னம்மா வந்திருக்கு?" என்றார் பெரியவர்.

"பூஜ்யம் மாமா."

பெரியவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"இந்தத் தடவ டிக்கெட் இருந்துச்சு" என்றார். "பஸ்ல ஏத்தல."

அந்த ஆஸ்பத்திரியின் பதிலும் சீக்கிரமே வந்தது. இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். மறுபடி விண்ணப்பிக்கலாமாம். அக்கா அதை அந்த மொழியிலேயே உரக்க வாசித்தார். உச்சரிப்பு நன்றாக இருந்தது. வகுப்பில் இருந்தால் டீச்சர் பாராட்டியிருப்பார்.

எனக்கு விசா வேலை நகர்ந்தது. ஆனால் இதற்குள் என் பழைய மெடிக்கல் காலாவதியாகிவிட்டது. மார்பு எக்ஸ்ரே மறுபடியும் எடுக்கச் சொன்னார்கள். வேறு சென்டருக்குப் போகலாமா என்று யோசித்தேன். போனால் அக்கா என்ன நினைப்பாரோ, போகாவிட்டால் என்ன நினைப்பாரோ என்று குழம்பி, கடைசியில் அங்கேயே போனேன்.

அக்கா வரவேற்பு மேஜையில் இருந்தார். பேட்ஜ் கழுத்தில் இருந்தது.

"வா தம்பி. கிளம்பறியா?" என்றார். அதில் வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அலுப்பு இருந்தது.

தியேட்டர் கதவு திறந்து சுண்டு வெளியே வந்தாள். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. ஏப்ரனை அவிழ்த்து ஸ்டாண்டில் மாட்டிவிட்டுத் தோளைச் சுழற்றினாள். அவள் கழுத்தில் எதுவும் இல்லை.

அக்கா டிராயரைத் திறந்தார். ரப்பர் பேண்டை உருவி, அவளுடைய பேட்ஜைத் தேடி எடுத்து நீட்டினார்.

"இனிமே இதப் போட்டுக்கிட்டு உள்ள போ."

சுண்டு சிரித்தாள். கிண்டல் இல்லை, உண்மையிலேயே வேடிக்கையாக இருந்ததுபோல.

"என்னக்கா, நீங்கதானே இதக் கழட்டி வெக்கச் சொல்லிக் குடுத்தீங்க?"

"நான்தான் சொன்னேன். இப்ப போடுன்னு நான்தான் சொல்றேன். நாளைக்கு நீயும் எங்கயாவது போகணும்னா இது வேணும்."

"போறத அப்புறம் பாக்கலாம்க்கா." அவள் பேட்ஜை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். "நீங்க போட்டீங்க. இப்ப எங்க உக்காந்திருக்கீங்க?"

பேட்ஜை பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்து, டிராயரை இடுப்பால் தள்ளி மூடினாள். உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிட்டார். ஏப்ரனை மறுபடி மாட்டிக்கொண்டு ஓடினாள். கதவு ஆடி நின்றது. உள்ளே 'ஷூட்' என்ற குரல் கேட்டது. அக்காவின் வலதுகைக் கட்டைவிரல் மேஜைமேல் அழுந்தியது. அவர் அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"வா தம்பி, உன்னோடத முடிச்சிரலாம்."

பலகை முன் நின்றேன். தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். தாடையைத் தூக்கி வைத்தார். கை முன்புபோலவே உறுதியாக இருந்தது. ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போனார்.

"மூச்ச நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க."

க்ளிக்.

நான் பிடித்துக்கொண்டு நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடியும் 'ஷூட்' என்றது. இன்னொன்று. நெஞ்சு முட்டியது. கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அக்கா கழுத்துப் பேட்ஜைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடலாம் என்று அவர் சொல்லவில்லை.